அவசர அழைப்பை ஏஐ வரிசைப்படுத்தினால்: வன்னியில் போன் டியூட்டி பார்த்த அனுபவம்

அவசர அழைப்புகளை ஏஐ வைத்து வரிசைப்படுத்தலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள், அதிலும் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள். "அக்கா, ஒரு சிஸ்டம் போட்டுத் தரட்டோ, ஆர் முதல், ஆர் பிறகு எண்டு அதுவே சொல்லும்" என்பார்கள். நாங்கள் போட்டுப் பார்த்தோம். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் தொடங்கும்போது நினைத்த வேலையை அது இப்போது செய்யவில்லை. வேறு ஊரில் யாராவது தொடங்கினால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது 1990 அம்புலன்ஸ் பற்றிய கதை இல்லை. இலங்கையில் 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் முதல் போன் அங்கேதான் போக வேண்டும், எங்களுக்கு அடிப்பவர்களிடமும் அதைத்தான் சொல்கிறோம். எங்களுடையது முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பக்கத்தில் சில கிராமங்கள் சேர்ந்து நடத்துகிற சின்ன ஏற்பாடு. ஒரு வான், கூப்பிட்டால் வருகிற ஓட்டோக்காரர், மாரிக்கு ரக்டரோடு இறங்குகிற சில விவசாயிகள், எல்லோரும் சுவரில் எழுதி வைத்திருக்கிற ஒரு போன் நம்பர். அம்புலன்ஸ் நிற்கிற ரோட்டு வரைக்கும் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது, அம்புலன்ஸ் தேவைப்படாத ஆனால் இரவில் பஸ்ஸும் கிடைக்காத ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது, வெள்ளம் வந்தால் யாரை முதலில் வெளியே எடுப்பது என்று பார்ப்பது. இவ்வளவுதான்.

சாதாரண நாளில் இதற்கு ஏஐ தேவையே இல்லை, ஒரு கொப்பியும் பேனையும் போதும். மாரி தொடங்கினால்தான் சிக்கல். ஒரே நேரத்தில் நாலு பேர் அடிப்பார்கள், லைன் கிடைக்காதவர்கள் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள், நான் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதெல்லாம் கேட்கப்படாமல் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் எது அவசரம் என்று கேட்டு முடிக்கவே நேரம் போய்விடும். வவுனியாவில் படித்த எங்கள் தம்பி ஒருவன் இதைப் பார்த்துவிட்டுத்தான் ஏஐ பேச்சை எடுத்தான்.

அவன் ஆதாரமாகக் காட்டியது டென்மார்க் கதை. கொப்பன்ஹேகனில் அவசர அழைப்புகளைக் கேட்டு, அதில் இதயம் நின்றுபோன ஆள் யார் என்று கண்டுபிடிக்க ஒரு இயந்திரத்தைப் பழக்கினார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வில் 2014ஆம் ஆண்டின் 108,607 அழைப்புகளைக் கொடுத்துப் பார்த்ததில், இதயம் நின்ற 918 பேரில் 84.1 சதவீதத்தை இயந்திரம் பிடித்தது, போன் எடுத்தவர்கள் பிடித்தது 72.5. பிடிக்க எடுத்த நேரமும் இயந்திரத்துக்குக் குறைவு, 54 செக்கனுக்கு 44 செக்கன். தம்பிக்கு இந்த எண்கள் போதுமாக இருந்தன.

எனக்குப் போதவில்லை, ஏனென்றால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இயந்திரம் "இதயம் நின்றுவிட்டது" என்று எச்சரித்த இடங்களில் 20.9 சதவீதம்தான் உண்மை. ஐந்து தடவை மணி அடித்தால் நாலு தடவை சும்மா அடித்தது. கொப்பன்ஹேகனில் அதைத் தாங்கலாம், அங்கே அனுப்ப வாகனம் இருக்கிறது. எங்களிடம் வான் ஒன்றுதான். இல்லாத மாரடைப்புக்கு அது ஒட்டுசுட்டான் பக்கம் ஓடினால், மாங்குளம் பக்கம் கிடக்கிறவருக்கு ஒன்றும் இல்லை. பிறகு 2021இல் வெளிவந்த ஆய்வில், அதே நகரத்தில் வந்துகொண்டிருந்த உண்மையான அழைப்புகளில் இயந்திரம் சந்தேகப்பட்டவற்றை எடுத்து, பாதிக்கு எச்சரிக்கையைக் காட்டியும் பாதிக்குக் காட்டாமலும் சோதித்தார்கள். காட்டிய பக்கம் 93.1 சதவீதம் பிடிபட்டது, காட்டாத பக்கம் 90.5. பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் முடிவு வந்தது. இயந்திரம் கெட்டித்தனமாக இருப்பது ஒன்று, அது சொன்னதைக் கேட்டு மனிதர் வேறு மாதிரி நடப்பது இன்னொன்று.

சரி, இருந்தாலும் செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். பேச்சை எழுத்தாக்கும் இலவச மென்பொருள் ஒன்று, அந்த எழுத்தைப் படித்துச் சிவப்பு (உடனே), மஞ்சள் (கொஞ்சம் பொறுக்கலாம்), பச்சை (அவசரமில்லை) என்று நிறம் போடுகிற மொழி மாதிரி (language model எனப்படும் ஏஐ) ஒன்று, பழைய லப்டொப் ஒன்று. ஒலிப்பதிவு வெளியே எங்கும் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

எழுத்தாக்கத்திலேயே முதல் அடி விழுந்தது. அது இந்தியத் தமிழில் பழகினது போல, எங்கள் அம்மம்மாக்கள் பதறிப் பேசுவதைப் பாதிதான் பிடித்தது. ஊர்ப்பெயரில் இன்னும் மோசம். முள்ளியவளை என்று சொன்னால் முள்ளிவாய்க்கால் என்று எழுதும், ஒன்று நந்திக்கடலுக்கு இந்தப் பக்கம், மற்றதுக்கு வட்டுவாகல் பாலம் தாண்டிப் போக வேண்டும். கிளிநொச்சி இராமநாதபுரத்தை வரைபடத்தில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டது. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் உண்டு, மன்னாரிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு, அது தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விட என்னைப் பயப்படுத்தியது மௌனம். ஒரு அழைப்பில் யாருமே பேசவில்லை, மூச்சுச் சத்தமும் நாய் குரைப்பதும் மட்டும்தான். மென்பொருள் அந்த இடத்தில் "நன்றி, வணக்கம்" என்று எழுதியிருந்தது. அமைதியான இடத்தில் தானாக வசனம் போடுவது இந்த வகை மென்பொருள்களுக்குத் தெரிந்த குணம்தானாம். மொழி மாதிரி அதைப் படித்துவிட்டுப் பச்சை போட்டது, பேச்சு மரியாதையாக முடிந்திருக்கிறதே. இப்போது பேச்சில்லாத அழைப்பு எதுவும் எழுத்தாக்கத்துக்கே போவதில்லை, நேராகச் சிவப்புக்குப் போகும், நாங்கள் திருப்பி எடுப்போம்.

ஊர்ப்பெயருக்குச் செய்த வேலை நீண்டது, ஆனால் முழு ஏற்பாட்டிலும் அதிகம் பயன்பட்டது அதுதான். தபால்காரரையும், கர்ப்பிணிகளைப் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தரையும் இருத்தி, எங்கள் பக்கத்துக் குளம், வாய்க்கால், மதகு, கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை, ரோட்டு மைல்கட்டைக் கணக்கு எல்லாம் பட்டியலாக்கினோம். இங்கே யாரும் வீதிப் பெயரோ வீட்டு இலக்கமோ சொல்வதில்லை. "அஞ்சாம் கட்டை தாண்டி, உடைஞ்ச மதகுக்கு அங்கால, வைரவர் கோயிலடி" என்பார்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் எந்த ஏஐயும் எங்களுக்கு உதவியிருக்காது. இன்னொரு விஷயம், பட்டியல் தயாரான பிறகு ஏஐ இல்லாமலே வேலை பாதி சுகமாகிவிட்டது.

இனி நிறம் போடுகிற கதை. வன்னியில் இருந்து பார்த்தால்தான் தெரிகிற சில விஷயங்கள் இதில் உண்டு.

"அவருக்குக் காலில செல் பட்டது, இப்ப நடக்கேலாமல் கிடக்கு" என்று ஒரு மகள் சொன்னால் எனக்கு உடனே விளங்கும், செல் (எறிகணை) பட்டது யுத்த நேரத்தில், இப்போதைய பிரச்சினை வேறு. உடம்பில் இன்னும் செல் துண்டோடு திரிகிற ஆட்கள் எங்கள் ஊரில் எத்தனையோ. மாதிரி ஒவ்வொரு தடவையும் குண்டு வெடிப்பு என்று சிவப்புப் போட்டது. தம்பி எரிச்சலில் அந்தச் சொல்லையே கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றான். நான் விடவில்லை, வடக்கில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை, குப்பை எரிக்கும்போதோ காணி துப்பரவாக்கும்போதோ எதுவும் நடக்கலாம். அந்தச் சொல் வந்தால் "எப்ப பட்டது?" என்ற கேள்வியைத் திரையில் காட்டு என்று மட்டும் வைத்தோம்.

இதற்கு நேர்மாறான ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு ஐயா விடியப்பறம் எடுத்து, "பெரிசா ஒண்டுமில்லைப் பிள்ளை, நெஞ்சுக்க கொஞ்சம் அடைச்ச மாதிரி, வேர்க்குது, விடிஞ்சாப் பிறகு வரட்டோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்" என்றார். மாதிரி பச்சை போட்டது, "பெரிசா ஒண்டுமில்லை" என்பதை அப்படியே நம்பிவிட்டது. 2009 வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்த தலைமுறை இது. இவர்கள் தங்களுக்கு வருவதை அவசரம் என்று சொல்லவே கூச்சப்படுவார்கள், ஆஸ்பத்திரியில் இடத்தைப் பிடிக்கிறோமோ என்று நினைப்பார்கள். நெஞ்சு அடைப்பும் வேர்வையும் சேர்ந்து வந்தால் ஆள் எவ்வளவு அமைதியாகப் பேசினாலும் அது சிவப்புத்தான். கத்துகிறவருக்கு முதலிடமும் மெதுவாகப் பேசுகிறவருக்குக் கடைசி இடமும் கொடுக்கிற பழக்கம் மனிதருக்கும் உண்டு என்று சொல்லலாம், உண்மைதான், ஆனால் இந்த ஐயாமாரின் குரலை நாங்கள் சின்ன வயதில் இருந்து கேட்டு வருகிறோம்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெல் அறுவடை நேரம், நடுச்சாமம் தாண்டி ஒரு அம்மா. மகனுக்கு வயிற்றுக்குத்து, இரண்டு தரம் சத்தி. பச்சை விழுந்தது. அன்று டியூட்டியில் இருந்த தங்கச்சி, வயது குறைவு என்றாலும் வயல்காரர் வீட்டுப் பிள்ளை, நிறத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "தம்பி எங்க படுத்திருந்தவன் அம்மா?" கீழே, பாயில். "கண்ணைத் திறந்து பாக்கச் சொல்லுங்கோ, முழுசாத் திறக்கிறானோ?" அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நித்திரைத் தூக்கம் பிள்ளை, கண் சொருகுது" என்றார். அவள் அந்த நிமிடமே வானை எழுப்பிவிட்டாள், 1990க்கும் சொன்னாள்.

கட்டுவிரியன் பாம்பு இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் பெரும்பாலும் நோவே இருக்காது, பல்லுப் பட்ட அடையாளமும் பல நேரம் தெரியாது. முதலில் வயிற்று நோ, பிறகு இமை விழும், பிறகு விழுங்க ஏலாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தால் வீக்கமும் நோவும் சேர்ந்து வரும், ஆள் தானாகவே பாம்பு என்று சொல்லுவார், கட்டுவிரியனில் பாம்பு என்ற பேச்சே போனில் வராது. சொல்லப்பட்ட எழுத்தை மட்டும் படிக்கிற இயந்திரத்துக்கு அது வயிற்றுக்குத்துத்தான். பெடியன் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெசின் போடப்பட்டுத் தப்பி வந்தான். அதற்குப் பிறகு "இரவு, நிலத்தில் நித்திரை, வயிற்று நோ" மூன்றும் சேர்ந்தால் இமையைக் கேள் என்று அட்டையில் எழுதி ஒட்டினோம், மாதிரிக்கும் கொடுத்தோம். பாம்பு கடித்ததென்று தெரிந்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், மோதிரம், காப்பைக் கழற்றுங்கோ, கையோ காலோ அசையாமல் வையுங்கோ, பாம்பைத் தேடி அடிக்க ஓடவேண்டாம், இதுவும் அதே அட்டையில்.

இதெல்லாம் பார்த்த பிறகு நாங்கள் வைத்த சட்டம் ஒன்று: இயந்திரம் ஒருவரை மேலே தூக்கலாம், கீழே இறக்கக் கூடாது. டியூட்டியில் இருப்பவர் சிவப்பு என்றால் அதைப் பச்சை என்று சொல்ல இயந்திரத்துக்கு உரிமை இல்லை, பச்சை என்ற சொல்லையே திரையில் இருந்து எடுத்துவிட்டோம். ஆனால் தூக்கினால் பொய் எச்சரிக்கை கூடும், கொப்பன்ஹேகன் கணக்கு நினைவிருக்கட்டும். அதனால் இயந்திரம் போட்ட சிவப்புக்கு வான் கிளம்பாது, ஒரு ஆள் உடனே திருப்பி எடுத்துப் பேசுவார். போன் காசு சில ரூபாய், வான் வெளியே போனால் மணிக்கணக்கு. இந்த ஒரு மாற்றத்தால்தான் இந்த ஏற்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்த மாற்றம் தம்பியின் யோசனை, நான் அவனுக்கு அதற்காகக் கடமைப்பட்டிருக்கிறேன். நிறம் கேட்பதை விட்டுவிட்டு, இதுவரை நடந்த பேச்சைப் படித்து, கேட்காமல் விட்ட கேள்வி எது என்று மட்டும் சொல் என்று மாதிரியிடம் கேட்டான். இதில் அது உண்மையாகவே கெட்டி. உதாரணத்துக்கு "இழுக்குது" என்று போனில் வரும். வலிப்பா, இழுப்பு வருத்தமா, சாகிற நேரத்து மூச்சா? மூன்றுக்கும் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பதற்றத்தில் இருக்கிற டியூட்டிப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொண்டு போய்விடும். திரையில் "கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்குதா?" என்று வந்தால் கேட்டுவிடுவாள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை, இடையிடையே மூச்சு இழுத்தாலும் இதயம் நின்றதாகவே எடுத்து, நெஞ்சின் நடுவில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் அழுத்தச் சொல்ல வேண்டும், போனை வைக்காமல் கூடவே எண்ண வேண்டும். இந்த எண்ணுகிற வேலையை மட்டும் யாரும் ஏஐக்கு விட வேண்டாம். போனில் ஒரு மனிதக் குரல் கூட எண்ணினால்தான் அந்தப் பக்கம் கை நிற்காமல் ஓடும்.

நகரத்து ஆட்கள் வரிசை என்றால் யார் முதல், யார் காத்திருப்பது என்று நினைக்கிறார்கள். எங்களிடம் முதல் ஆளும் காத்திருக்கத்தான் வேண்டும். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர், அதில் இருந்து உள்ளே இறங்குகிற கிரவல் ரோட்டுகள் தனி. ஆகவே வருத்தம் எவ்வளவு கடுமை என்பதோடு, ஆள் எங்கே இருக்கிறார், தண்ணீர் எப்போது ஏறும் என்பதும் சேர்ந்துதான் வரிசை. 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது பார்த்தோமே, பகலில் நடந்து கடந்த இடம் இரவில் கடல். நிறைமாதக் கர்ப்பிணிக்கு நோவே இல்லாவிட்டாலும், அவர் வாய்க்காலுக்கு அங்கால் இருந்தால், மழை தொடங்கும்போதே அவரை எடுக்க வேண்டும். எந்த மாதிரியும் அவரைச் சிவப்பில் போடாது, ஏனென்றால் அவர் போனே எடுக்கவில்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் திகதி வாரியாகப் பட்டியல் உண்டு, கார்த்திகை பிறக்க முதல் நாங்கள் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வோம். அதே போல ஓட்டோ உள்ளே போய் ஆளை ஏற்றிக்கொண்டு சந்திக்கு வரட்டும், வான் சந்திக்கு வரட்டும் என்று பாதிவழியில் மாற்றுவது. இதற்கு டிரைவர்மாரின் நட்புத்தான் வேண்டும்.

ஏஐக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்கிற அளவுக்கு அது உண்மையாக உழைத்த இடங்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தம்பி கோபிப்பான். ஒன்று, குவிந்து கிடக்கிற குரல் பதிவுகளை நான் வேறு ஆளுடன் பேசும்போதே எழுத்தாக்கி வைப்பது, பிழையோடு இருந்தாலும் கண்ணால் ஓட்டிப் பார்த்து எதை முதலில் காதால் கேட்பது என்று முடிவெடுக்கலாம். இரண்டு, ஒரே சம்பவத்துக்கு வருகிற பல அழைப்புகளை ஒன்றாக்குவது. ஏ9 வீதியில் இரவில் மாட்டோடு மோதிய மோட்டார்சைக்கிள் ஒன்றுக்கு ஆளுக்கு ஒரு இடம் சொல்லி அடிப்பார்கள், முன்பெல்லாம் மூன்று விபத்து என்று நினைத்து ஓடியிருப்போம். மூன்று, கிழமைக்கு ஒருக்கால் பழைய அழைப்புகளைத் திருப்பிக் கேட்பது. முழுச் சரி எத்தனை சதவீதம் என்று பார்ப்பதில் பயனில்லை. ஆளும் இயந்திரமும் ஒத்துப்போகாத அழைப்புகளை மட்டும் எடுத்து, தேநீரோடு எல்லோரும் இருந்து கேளுங்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கறண்ட் விஷயம் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கறண்டும் போனது, சிக்னலும் போனது, லப்டொப் மூடியபடி கிடந்தது. கொப்பியும், மோட்டார்சைக்கிளில் செய்தி கொண்டு ஓடிய பெடியளும்தான் வேலை செய்தார்கள். ஊர்ப் பட்டியலையும் கர்ப்பிணிகள் பட்டியலையும் அச்சடித்துப் பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்தது அன்று கைகொடுத்தது. நீங்கள் தொடங்கினால் முதல் நாளே அச்சடியுங்கள்.

ஒலிப்பதிவு பற்றி ஒன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது, அதில் உடல்நலத் தகவலுக்குத் தனிக் கவனம். அதை விடுங்கள், எங்கள் ஊரில் குரல் பதிவாகிறது என்றாலே ஆட்களுக்கு வேறு பயங்கள் உண்டு, ஏன் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால் ஊர்க்கூட்டம் வைத்து, யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்று சொன்னோம். பதிவு வேண்டாம் என்று சொன்னால் அழைப்பு எடுபடும், பதிவு மட்டும் இராது. பயிற்சிக்கு எடுப்பவற்றில் பெயரும் இடமும் வெட்டப்படும்.

இப்போது இழுபறியில் இருப்பது சிங்கள அழைப்புகள். சிங்களக் குடும்பங்கள் இருக்கிற மணலாறு (வெலிஓயா) பக்கத்தில் இருந்தும் எங்கள் நம்பருக்கு அடிக்கிறார்கள், டிரைவர்மார் கொடுத்திருப்பார்கள் போல. மென்பொருள் சிங்களத்தில் தமிழை விட மோசமாக எழுதுகிறது, எங்கள் டியூட்டியில் சிங்களம் ஒழுங்காகப் பேசுகிறவர் ஒரே ஒருவர், அவரும் இரவில் வருவதில்லை. இரவு டியூட்டிக்கு இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சம்பளம் பெரிதாகத் தர முடியாது, சாப்பாடும் போன் காசும் தருவோம்.